வயர் இருந்தால் என்ன குறைஞ்சு போச்சு?

ஹேண்ட்ஸ்ப்ரீ என்ற சொல்லே இப்போது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய சொல்லாகிவிட்டது. காதில் வெள்ளை பட்ஸ் இருந்தால் ஒரு மரியாதை. கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கினால் அதைவிட ஒரு படி மேல். பொக்கற்றுக்குள் இருந்து சிக்குப்பட்ட வயரை இழுத்தெடுத்தால் மட்டும் "என்னடா, இன்னும் இதையே வைச்சிருக்கிறாய்?" என்ற கேள்வி. கம்பஸ் கன்ரீனிலும் கேட்கிறார்கள், வேலைத்தலத்திலும் கேட்கிறார்கள். யூடியூபில் தமிழில் ரிவியூ செய்கிறவர்களில் பலரும் இந்த வரிசையைத்தான் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்: அடியில் வயர், நடுவில் பட்ஸ், உச்சியில் ஹெட்போன்.

நாங்கள் இந்த வரிசையை ஏற்கவில்லை. இதை வாசிக்கிற உங்களில் பெரும்பாலானவர்களின் அன்றாடத்துக்கு, கையில் உள்ள காசுக்கு, தலையில் உள்ள இரண்டு காதுக்கு, மூன்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் றப்பர் முனை வைத்த, வயர் உள்ள இயர்போன்தான் முதலாவது. ஹெட்போன் அதற்கு அடுத்தது. பட்ஸ் கடைசி. ஏன் என்று சொல்கிறோம். பிடிக்காவிட்டால் சண்டைக்கு வாருங்கள்.

சண்டைக்கு முதல் சொற்களை நேராக்கிக்கொள்வோம். காதின் மேல் அல்லது காதைச் சுற்றி உட்காருவது ஹெட்போன். காதுக் குழாய்க்குள் றப்பர் முனையோடு போய் இறுகி நிற்பது இயர்போன். முந்தி போன் வாங்கும்போது பெட்டிக்குள் சும்மா வந்ததே, காது மடலில் ஏனோதானோ என்று தொங்கிக்கொண்டிருக்கும் றப்பர் இல்லாத சாமான், அதைக் காப்பாற்ற நாங்கள் வரவில்லை. அது போகட்டும். பட்ஸ் என்பது வயரை வெட்டிவிட்டு அந்த இடத்தில் பற்றரி வைத்த இயர்போன். காதுக்குள் சத்தம் உண்டாகும் விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் சத்தம். "ஹெட்போன் பெரிசு, அதால சத்தமும் பெரிசு" என்பதுதான் எல்லோர் மனதிலும் இருக்கும் கணக்கு. ஹெட்போனுக்குள் சத்தம் எழுப்பும் தகடு வழமையாக 40, 50 மில்லிமீற்றர். இயர்போனில் அது 6 தொடக்கம் 10 மில்லிமீற்றர். கடைப்பெட்டியில் "50 மி.மீ." என்று கொட்டை எழுத்தில் போடுவது இதற்காகத்தான். ஆனால் தகட்டின் அளவை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது எவ்வளவு காற்றை அசைக்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும். கலியாண வீட்டு ஸ்பீக்கர் ஒரு வளவு முழுக்க உள்ள காற்றை அசைக்க வேண்டும், அதனால் அது பெட்டி பெட்டியாக இருக்கிறது. காதுக் குழாயின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர். அதை றப்பர் முனையால் இறுக்கி மூடிவிட்டால், உள்ளே அகப்படும் காற்று ஒரு சொட்டுத்தான். அந்தச் சொட்டுக் காற்றை அழுத்திவிடப் பத்து மில்லிமீற்றர் தகடு தாராளமாகப் போதும்.

நம்பாவிட்டால் இப்போதே செய்து பாருங்கள். பேஸ் கிற்றார் நல்லாகக் கேட்கும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, இயர்போனை மெல்ல மெல்ல வெளியே இழுங்கள். பாட்டு நிற்காது, பேஸ் மட்டும் காணாமல் போகும். திரும்பவும் அழுத்தினால் திரும்பி வரும். "இந்த இயர்போன் கூடாது, பேஸே இல்லை" என்று தூக்கிப் போட்டவர்களில் எத்தனை பேர் பெட்டிக்குள் இருந்த மற்ற இரண்டு அளவு றப்பர்களையும் போட்டுப் பார்த்திருப்பீர்கள்? பெட்டியோடு சேர்த்துக் குப்பைக்குள் போனது அந்த றப்பர்கள்தான். இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு இன்னோர் அளவும் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒரு வருத்தமும் இல்லை.

இதே இறுக்கம் ஹெட்போனுக்கும் வேண்டும், அங்கேதான் அது வழுக்குகிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? கண்ணாடியின் காம்பு ஹெட்போன் மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையில் ஓர் ஓட்டை விடுகிறது, அதால் பேஸ் வெளியே போய்விடும். அடர்ந்த தலைமுடியும் அதையே செய்யும். ஸ்கார்ஃப் போடும் தோழிகளுக்கு ஹெட்போன் இன்னும் மோசம். துணிக்கு மேலே வைத்தால் இறுக்கமும் இல்லை, மேல் சுரங்களும் மங்கிவிடும், உள்ளே வைத்தால் அரை மணித்தியாலத்தில் தலையிடி. இயர்போன் ஸ்கார்ஃபுக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். எந்த ரிவியூவிலாவது இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ரிவியூ செய்கிறவர்கள் எல்லாம் கண்ணாடி போடாத, கட்டையாக முடி வெட்டிய, ஏசி அறைக்குள் இருக்கிற பெடியள் என்று நினைக்கிறோம்.

ஏசி என்றதும் வெக்கையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வவுனியாவில் சித்திரை வெயிலில் காதைச் சுற்றி இரண்டு மெத்தையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கிறது. மெத்தைக்குள் வியர்வை ஊறும். அது தோல் மாதிரித் தெரியும், தோல் இல்லை. எங்கள் ஈரப்பதனுக்கு ஒன்றிரண்டு வருசத்தில் அது உரியத் தொடங்கி, கறுப்புத் தும்பு தும்பாகக் காதிலும் சேட்டுக் கொலரிலும் ஒட்டும். ஹெட்போன் வைத்திருந்த எல்லோருக்கும் இந்தக் கறுப்புத் தும்பு தெரியும், விற்கிறவர்கள் மட்டும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

சரி, சத்தத்தில் ஹெட்போனுக்கு ஒரு பெருமையும் இல்லையா? இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. எங்கள் காது மடல்கள் சும்மா அழகுக்கு ஒட்டிவைத்தவை அல்ல. வெளியில் இருந்து வரும் ஒலியை மடித்துத் திருப்பி, அது எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். இயர்போன் மடலைத் தாண்டி நேரே குழாய்க்குள் போய்விடுவதால் பாட்டு தலைக்குள்ளேயே நடப்பது போல இருக்கும். ஹெட்போன், அதிலும் பின்பக்கம் மூடாத திறந்த வகை, பாட்டைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய் வைக்கும். 1997 இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 ஐ இன்றைக்கும் ஆட்கள் தேடி வாங்குவது இதற்காகத்தான். ஆனால் திறந்த ஹெட்போனுக்கு அமைதியான அறை வேண்டும். உள்ளே உள்ள பாட்டு வெளியே கேட்கும், வெளியே உள்ளதெல்லாம் உள்ளே கேட்கும். எங்கள் வீடுகளில் இரவு பன்னிரண்டு மணிக்கும் ஃபேன் சுத்துகிறது. ஃபேனை நிற்பாட்டிவிட்டு எச்.டி. 600 இல் பாட்டுக் கேட்கிற துணிவு உள்ளவர்கள் கேட்கட்டும், அவர்களோடு எங்களுக்கு வழக்கு இல்லை. கடைகளில் விற்பது அது இல்லை என்பதுதான் எங்கள் பேச்சு. கடையில் இருப்பது மூடிய ஹெட்போன், அதுவும் பேஸைத் தூக்கி அடிக்கிற வகை.

அந்தப் பேஸ் என்ன செய்கிறது என்று பார்க்கச் சினிமாப் பாட்டை விட்டுவிட்டு நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போடுங்கள். ஈழத்துக் கோயில் திருவிழாப் பதிவுகள் இணையத்தில் நிறையக் கிடக்கின்றன. தவிலில் வலந்தலை இறுக்கமாக, கணீரென்று பேசும். இடது பக்கத்துத் தொப்பி தளர்வாக, தாழ்ந்து பேசும். இரண்டும் ஒன்றையொன்று மறிக்காமல் ஓடுவதில்தான் வித்துவானின் கை தெரியும். "பேஸ் பூஸ்ட்" என்று எழுதியிருக்கும் ஹெட்போனில் தொப்பி வீங்கி வலந்தலையை விழுங்கிவிடும், நாதஸ்வரம் அடுத்த தெருவில் வாசிக்கிறமாதிரி இருக்கும். எங்கள் சொந்த வாத்தியத்தையே விளங்கமுடியாமல் ஆக்குகிற ஒன்றை "சவுண்ட் சும்மா அதிருது" என்று ஐந்து நட்சத்திரம் குடுத்துப் பாராட்டுகிறோம்.

விலை கூடினால் சத்தம் நல்லாக இருக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. இதை ஒருவர் உட்கார்ந்து அளந்தே பார்த்துவிட்டார். 2017 இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர், காதைச் சுற்றுவது, காதின் மேல் உட்காருவது, காதுக்குள் போவது என மூன்று வகையிலும் 283 ஹெட்போன்களை, மனிதத் தலையும் உடம்பும் போலச் செய்த அளவீட்டுப் பொம்மையில் மாட்டி அளந்தார். முடிவு அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. விலைக்கும் அளந்த ஒலிக்கும் தொடர்பே இல்லை. அதோடு இன்னொன்றும் தெரியவந்தது: சராசரியாகப் பார்த்தால் காதுக்குள் போகும் வகையில்தான் பேஸ் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் கூட. "பேஸ் வேணுமெண்டால் ஹெட்போன்தான் வாங்கவேணும்" என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசிக்கவேண்டும்.

ஹார்மன் நிறுவனத்தில் ஷோன் ஒலிவும் குழுவினரும் இதே கேள்வியை மற்றப் பக்கத்தால் அணுகினார்கள். எது எந்தக் கொம்பனி என்று தெரியாதபடி ஆட்களைக் கேட்கவைத்தார்கள். பெரும்பாலானவர்கள் விரும்பியது ஏறக்குறைய ஒரே மாதிரியான, சமநிலையுள்ள சத்தத்தைத்தான். பெயரையும் விலையையும் கண்ணுக்கு மறைத்தால் காது ஓரளவு நேர்மையாகத்தான் வேலை செய்கிறது. சீனாவில் இருந்து வரும் சில வயர் இயர்போன்கள் அந்தச் சமநிலையை 20 டொலர் அளவிலேயே தொட்டுவிட்டன. கே.இசட்., மூன்ட்ரொப் என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். பெட்டியில் "10 முதல் 40,000 ஹேர்ட்ஸ்" என்று போட்டிருந்தால் மயங்கவேண்டாம். மனிதக் காதுக்குக் கேட்பது நல்ல வயசிலேயே 20 முதல் 20,000 வரைதான். மீதியை உங்கள் வீட்டு நாய் கேட்டு ரசிக்கட்டும்.

இனி பட்ஸ். புளூடூத்தால் சத்தம் கெட்டுப்போகும் என்று நாங்கள் வாதாடப் போவதில்லை. அந்தக் காலம் போய்விட்டது. போனில் நீங்கள் கேட்கும் பாட்டு ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான், புளூடூத் அதை இன்னொருக்கால் சுருக்குவதைப் பஸ்ஸுக்குள் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். தாமதம் மட்டும் உண்மை. ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு பிந்தித்தான் சத்தம் காதுக்கு வரும். படம் பார்க்கும்போது அப் அதைச் சரிக்கட்டிவிடும், கேம் விளையாடும்போது சுட்ட பிறகுதான் வெடிச்சத்தம் வரும். கீபோர்ட் பழகுகிறவர்கள், குரல் பதிவு செய்கிறவர்கள் பட்ஸைக் கிட்டவும் எடுக்கமுடியாது.

எங்கள் உண்மையான சண்டை பற்றரியோடுதான். ஒரு சோடி பட்ஸில் மூன்று பற்றரி இருக்கிறது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, டப்பாவுக்கு ஒன்று. லித்தியம் பற்றரி சில நூறு தடவை ஏறி இறங்கினால் தளரும், அதை யாரும் தடுக்க முடியாது. போன் பற்றரி தளர்ந்தால் மாற்றலாம். பட்ஸில் அது பிளாஸ்டிக்குக்குள் பசை போட்டு மூடிக்கிடக்கிறது, உடைக்காமல் திறக்க வழியில்லை. பொருட்களைக் கழற்றிப் பார்த்துப் புள்ளி போடும் ஐஃபிக்சிட், ஏர்பொட்ஸுக்குத் திருத்தக்கூடிய தன்மையில் பத்துக்குப் பூச்சியம் குடுத்தது. முதல் வருசம் ஐந்து மணித்தியாலம் பாடியது, இரண்டாம் வருசம் மூன்று, பிறகு நல்லூரில் ஏறினால் கொடிகாமத்தில் செத்துப்போகும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முதலில் சாகும். ஒற்றைச் செருப்பு மாதிரி மற்றதை மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருப்போம். பஸ் மிதிபலகையில் ஏறும்போது ஒன்று கழன்று விழுந்த கதைகள் வேறு.

இது தானாக நடந்த மாற்றம் இல்லை. 2016 செப்டெம்பரில் ஐபோன் 7 இல் இருந்து 3.5 மில்லிமீற்றர் துளையை அப்பிள் எடுத்தது. மேடையில் நின்ற பில் ஷில்லர் அதற்குக் காரணம் "தைரியம்" என்றார். அதே மேடையில், அதே நாளில், 159 டொலருக்கு ஏர்பொட்ஸை அறிமுகப்படுத்தினார்கள். துளையை எடுத்தவர்களே துளை இல்லாததற்கு மருந்தும் விற்றார்கள். அதைக் கிண்டலடித்து விளம்பரம் போட்ட சம்சுங் 2019 இல் நோட் 10 இல் அதே வேலையைச் செய்தது. பிறகு மற்றவர்களும் பின்னாலே போனார்கள். ஒருமுறை வாங்கினால் வயர் அறும்வரை பாவிக்கிற ஒரு சாமானை, இரண்டு வருசத்துக்கு ஒருமுறை திரும்ப வாங்கவேண்டிய சாமானாக மாற்றிவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் கைதட்டினோம்.

அமெரிக்காவில் இருக்கிறவருக்கு இது சின்னச் செலவாக இருக்கலாம். எங்களுக்கு ஒவ்வொரு சோடியும் டொலரில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, இரண்டு மாதத்தில் 360 ஐத் தொட்டது. பழுதானால் மாற்றியே ஆகவேண்டிய ஒன்றை, எப்போது எங்கே போகும் என்று தெரியாத ரூபாயில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். ரியூசன் காசில் மிச்சம் பிடித்து வாங்கிய சோடி ஒன்றரை வருசத்தில் செத்துப்போனால், அது அடுத்த மொடல் வாங்குவதற்கான சாட்டு இல்லை, உங்களிடம் இருந்து எடுக்கப்பட்ட காசு.

அதே 2022 ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைக்கவேண்டும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. சார்ஜ் போடவேண்டிய ஒவ்வொரு சாமானும் அப்போது ஒரு தலையிடி: முதலில் போனா, லைற்றா, பட்ஸா? வயர் இயர்போன் யாரிடமும் சார்ஜ் கேட்கவில்லை. இன்னொன்று, இதைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்: எஃப்.எம். உள்ள போனில் இயர்போன் வயர்தான் அன்ரனா. அது செருகியிருந்தால்தான் ரேடியோ எடுக்கும். டேட்டா வேண்டாம், ரீலோட் வேண்டாம். கரண்ட் நீண்ட நேரம் நின்று சிக்னலும் படுத்துவிட்டால், செய்தி கேட்க ஊரில் மிஞ்சுவது வயர் செருகிய போன்தான். பட்ஸ் போட்டவர் பக்கத்து வீட்டில் போய்க் கேட்கவேண்டும். வெள்ளமும் புயலும் வருசா வருசம் வருகிற நாட்டில் இது சின்ன விசயம் இல்லை.

அம்மாமார் சொல்வது வேறு: "காதுக்குள்ள போடாத, செவிடாப் போயிடுவாய். போடுறதெண்டால் பெரிய ஹெட்போனை வாங்கிப் போடு." மகனில் உள்ள அன்பு விளங்குகிறது, ஆனால் காரணம் பிழை. காதைக் கெடுப்பது எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும்தான். அது உள்ளே இருந்து வருகிறதா, மேலே இருந்து வருகிறதா என்பது காது நரம்புக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபலில். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணித்தியாலம், 86 என்றால் 10, 89 என்றால் வெறும் 5. இப்போது கொழும்பு - யாழ்ப்பாணம் இரவு பஸ்ஸை நினையுங்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலம். வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் பதினாறு. 89 டெசிபலில் கேட்டுக்கொண்டு போய் வந்தால் மூன்று கிழமைக்கு மேலான பங்கை ஒரு வார இறுதியில் முடித்துவிடுகிறீர்கள். திங்கட்கிழமை காலை காதுக்குள் "ங்ங்" என்று ஓர் இரைச்சல் கேட்டால் அது பஸ் அலுப்பு இல்லை. 12 முதல் 35 வயதுக்குள் நூறு கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆபத்தில் இருப்பதாக அந்த நிறுவனமே சொல்கிறது. போன கேள்வி திரும்பி வருவதில்லை.

பஸ்ஸில் ஏன் சத்தத்தைக் கூட்டுகிறோம்? எஞ்சின் உறுமுகிறது, ஹோர்ன் அடிக்கிறது, டிரைவருக்குப் பிடித்த பாட்டு மேலே ஸ்பீக்கரில் ஓடுகிறது, அதுக்கு மேலே எங்கள் பாட்டு கேட்கவேண்டும். ஆகவே வெளிச்சத்தத்தை எது மறிக்கிறதோ அதுதான் காதைக் காப்பாற்றும். நல்லாக இறுகிய றப்பர் முனை 15, 20 டெசிபலை மறித்துவிடும், பற்றரி இல்லாமல், சும்மா. சாதாரண மூடிய ஹெட்போன் அந்தளவுக்கு மறிக்காது. இரைச்சலை எதிர்ச்சத்தத்தால் அழிக்கும் விலை கூடிய ஹெட்போனும் பட்ஸும் எஞ்சின் உறுமலுக்கு நல்ல மருந்துதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அவை ஒரே சீரான தாழ்ந்த சத்தத்தைத்தான் நல்லாக அழிக்கும். கொண்டக்டரின் "கொடிகாமம், சாவகச்சேரி இறக்கம்" அதையும் தாண்டி வரும். வரத்தான் வேண்டும். மிக மோசமானது காதை மூடாத அந்தப் பழைய இலவச வகை. வெளிச்சத்தம் முழுக்க உள்ளே வரும், நீங்கள் அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போவீர்கள். அம்மாமார் பறிமுதல் செய்யவேண்டியது அதைத்தான்.

இவ்வளவு நல்லாக மறிக்கிற ஒன்றை றோட்டில் போடக்கூடாது. இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. 2014 இல் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாணம் வரத் தொடங்கிய பாதையில் கடவைகள் எத்தனை, அவற்றில் கேற் போட ஆள் இல்லாதவை எத்தனை என்று அந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். ஹெட்போனோ இயர்போனோ பட்ஸோ, தண்டவாளத்துக்குக் கிட்ட வந்தால் கழற்றுங்கள். மோட்டார் சைக்கிளிலும் வேண்டாம்.

வயருக்கு இன்னொரு குணம் உண்டு, இதை வாதம் என்று சொல்லாமல் ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1979 இல் சோனி முதலாவது வோக்மனை விட்டபோது அதில் ஹெட்போனுக்கு இரண்டு துளை இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து கேட்கட்டும் என்று நினைத்தார்கள். ஒரு ஹேண்ட்ஸ்ப்ரீயை இரண்டாகப் பிரித்து, இடது உனக்கு வலது எனக்கு என்று ரியூசன் முடிந்து பஸ் நிலையத்தில் நின்ற தலைமுறை நாங்கள். ஸ்டீரியோவில் பதிந்த பாட்டில் ஒருவருக்கு வயலினும் மற்றவருக்குக் கிற்றாரும் மட்டும் கேட்கும், அதுவும் ஒரு சுகம். வயரின் நீளத்துக்குமேல் தள்ளி நிற்கமுடியாது என்பது சிலருக்கு வசதியாகவும் இருந்தது. பட்ஸிலும் ஆளுக்கொன்று குடுக்கலாம்தான். ஆனால் குடுத்தவருக்கு அது திரும்பி வருமா என்ற யோசனையிலேயே பாட்டு முடிந்துவிடும்.

ஹெட்போன் வாங்கவேண்டியவர்கள் யார் என்றும் சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருந்து நாள் முழுக்க அழைப்பு எடுக்கிற வேலை என்றால் ஹெட்போன் வாங்குங்கள், ஆறேழு மணித்தியாலம் காதுக்குள் றப்பர் இருந்தால் நோகும், ஊறும். காதில் அடிக்கடி சீழ் வருகிறவர்களும் அப்படியே. ஒலிப்பதிவு, எடிட்டிங் செய்கிறவர்களுக்கு அது தொழில் கருவி. சின்னப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் போடுவதைவிட மேலே வைப்பது நல்லது, சத்தத்துக்கு எல்லையும் போடவேண்டும். இவர்களில் ஒருவராக இல்லாமல், கழுத்தில் தொங்கவிடத்தான் என்றால், அது மாலை. அதற்கு ஒலித்தரம் என்று பெயர் சொல்லவேண்டாம்.

"போனில் துளையே இல்லை, பிறகெப்படி வயர்?" என்று கேட்பீர்கள். ரைப்-சி முனையில் இருந்து 3.5 க்கு மாற்றும் சின்ன வயர் இருக்கிறது. அப்பிள் விற்பது 9 டொலர், அளவிடுகிறவர்களே மெச்சுகிற சாமான். வேறு கொம்பனிகளிலும் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: சிலது வெறும் வயர் மட்டும்தான், உள்ளே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் இல்லை, அது பல போன்களில் வேலை செய்யாது. "உள்ளுக்குள்ள டி.ஏ.சி. இருக்கோ?" என்று கேட்டு, கடையிலேயே உங்கள் போனில் செருகி, பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு குடுங்கள். இயர்போன் வாங்கும்போது வயர் தனியாகக் கழன்று வருகிற வகையாகப் பாருங்கள். வயர் அறுந்தால் வயரை மட்டும் மாற்றலாம். பெயர் பெற்ற கொம்பனியின் பெட்டி மாதிரியே அச்சடித்த போலிகள் புறக்கோட்டையிலும் உண்டு, ஊரிலும் உண்டு. விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். றப்பரைக் கிழமைக்கு ஒருமுறை கழற்றிச் சவர்க்காரத் தண்ணியில் கழுவிக் காயவிடுங்கள், காதுக்குள் பஞ்சுக்குச்சி விட்டுக் குடையவேண்டாம்.

வயர் கழராத வகை என்றாலும் பாதகமில்லை. அறுவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான், பின்னுக்குக் கிட்ட, போனை வளைத்துப் பிடிக்கிற இடத்தில். ஒரு பக்கம் பாடி மறுபக்கம் நின்றால் தூக்கி எறியாதீர்கள். பெரிய ஷோரூமில் கேட்டால் சிரிப்பார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ, டோர்ச் லைற் திருத்துகிற சின்னக் கடை இன்னும் ஒன்றிரண்டு இருக்கும், மேசையில் ஈயப்பற்றுக் கோல் சூடாகிக்கொண்டிருக்கும். அங்கே கொண்டுபோய்க் குடுத்தால், ஐயா வயரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புதுப் பின் அடிச்சால் சரி தம்பி. விட்டிட்டுப் போங்கோ, பின்னேரம் வாங்கோ" என்பார்.